மடக்குக் கத்தி வாங்கப் போகிறீர்களா?

போன வருஷம் கோடை விடுமுறையில் நடந்தது இது. குடும்பத்தோடு ஏற்காட்டுக்குப் போயிருந்தோம். மரத்தடியில் ஜமக்காளத்தை விரித்து, புளியோதரைப் பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்தேன். எட்டாவது படிக்கும் என் பையன், வெயிலுக்குத் தார்ப்பாய் கட்டுகிறேன் என்று சணல் கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தான். திடீரென்று "அம்மா!" என்று ஒரு அலறல். ஓடிப் போய்ப் பார்த்தால் கையெல்லாம் ரத்தம். கத்தி நழுவவில்லை. அறுக்கும்போதே தானாக மடங்கி, ஆள்காட்டி விரலைக் கவ்விவிட்டது.

அந்தக் கத்தியை வாங்கிக் கொடுத்த புண்ணியவதி நானேதான்! திருவிழாக் கடையில், "பதினோரு சாமான் இந்த ஒண்ணுலேயே இருக்கும்மா" என்று கடைக்காரர் விரித்துக் காட்டினார். பளபளப்பில் மயங்கி, பேரம் பேசிப் பாதி விலைக்கு வாங்கிய பெருமையோடு வீட்டுக்கு வந்தேன். பேரத்தில் மிச்சம் பிடித்த பணம் மூன்று தையலுக்கும் ஊசிக்கும் போயிற்று. "இன்னும் கொஞ்சம் ஆழமாப் போயிருந்தா விரலை மடக்கவே முடியாமப் போயிருக்கும்மா" என்று டாக்டர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது.

இந்த வருஷம் சாரணர் முகாமுக்குப் போகிறான். கொண்டு வரவேண்டிய சாமான்களில் மடக்குக் கத்தியும் ஒன்று. என் மாமியார், "இனிமே இந்த வீட்டுக்குள்ள கத்தியே வரக்கூடாது" என்றார். "சரி அத்தை, அரிவாள்மனையை எங்கே கொண்டுபோய்ப் போடறது?" என்றேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கத்தி மேல் தப்பில்லை, பார்க்கத் தெரியாமல் வாங்கியதுதான் தப்பு என்று எனக்குத் தோன்றியது. இந்தத் தடவை நாலு கடை ஏறி இறங்கி, சாணை பிடிக்கும் பெரியவரையும் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வாங்கினேன். உங்களுக்கும் உபயோகப்படுமே என்று எழுதுகிறேன்.

பூட்டு இருக்கிறதா?

முதலில் பார்க்க வேண்டியது இதுதான். மடக்குக் கத்தியில் இரண்டு விதம் உண்டு. ஒன்றில், விரித்த அலகை உள்ளே இருக்கும் வில் மட்டும் அழுத்திப் பிடித்திருக்கும். முதுகுப் பக்கம் கொஞ்சம் பலமாக அழுத்தினால் மடங்கிவிடும். பழம் நறுக்க, பார்சல் பிரிக்க இது போதும். இன்னொன்றில் அலகு விரிந்ததும் ஒரு பூட்டு விழும். அதை விடுவித்தால்தான் மடங்கும். கயிறு, குச்சி என்று பலம் கொடுத்து அறுக்கிற வேலைக்கு இதுதான் நல்லது.

கடையிலேயே சோதித்துப் பாருங்கள். அலகை விரித்து, மடங்கும் வழியில் விரல் எதுவும் இல்லாமல் பிடியின் பக்கவாட்டைப் பற்றிக்கொண்டு, முதுகுப் பக்கத்தை மேஜை விளிம்பில் மெல்ல அழுத்துங்கள். பூட்டு அசையக் கூடாது. அலகை இப்படியும் அப்படியும் ஆட்டினால் ‘லொட லொட’ என்று ஆடக் கூடாது. பட்டனைத் தட்டினால் பாய்ந்து திறக்கிற கத்திகளும் உண்டு. அவை குடும்பத்துக்கு ஆகாது, தொடவே தொடாதீர்கள்.

அலகு எப்படி?

ஆறு முதல் எட்டு சென்டிமீட்டர் நீளம் தாராளம். கொய்யா, வெள்ளரிக்காய் நறுக்க, வாழை இலை அறுக்க, அரிசி மூட்டைத் தையலைப் பிரிக்க இதற்கு மேல் எதற்கு? துருப்பிடிக்காத ஸ்டீலாகப் பார்த்து வாங்குங்கள். அரிவாள்மனையில் மாங்காய் நறுக்கினால் அலகு கறுத்துப் போகிறதல்லவா? கார்பன் ஸ்டீல் கத்தியும் அப்படித்தான். நன்றாகக் கூர் ஏறும். ஆனால் உடனுக்குடன் துடைத்து வைக்காவிட்டால் துருப்பிடித்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு என்றால் முனை மழுங்கலாக இருப்பதே மேல்.

எத்தனை சாமான் வேண்டும்?

ஸ்விட்ஸர்லாந்தில் கார்ல் எல்ஸனர் என்பவர் 1884-ல் ஒரு கத்திப் பட்டறை தொடங்கினார். 1891-ல் அந்த நாட்டுப் படை வீரர்களுக்குக் கத்தி செய்து கொடுத்தார். ஒரே பிடிக்குள் பல கருவிகளை அடக்கிய அதிகாரிகள் கத்தி 1897-ல் வந்தது. இன்று விக்டோரினாக்ஸ் என்று விற்கிறார்களே, அதன் கதை இதுதான். அவர் தன் தாயார் விக்டோரியாவின் பெயரைத்தான் கத்திக்கு வைத்தார் என்று தெரிந்தபோது எனக்கு மனசு நெகிழ்ந்தது. ஆனால் ஒரு விஷயம்: அவர்களுடைய சின்னக் கத்திகள் பெரும்பாலானவற்றில் பெரிய அலகுக்குப் பூட்டு கிடையாது. கேட்டு வாங்குங்கள்.

பிரான்ஸில் 1890 முதல் செய்யப்படும் ஓப்பினெல் கத்தி நேர் எதிர். ஒரு மரப்பிடி, ஒரு அலகு, அவ்வளவுதான். 1955 முதல் அதில் ஒரு வளையப் பூட்டு உண்டு. வளையத்தைத் திருப்பினால் அலகு நின்றுவிடும்.

நமக்கு அலகு, டப்பா திறப்பான், திருப்புளி, சின்னக் கத்தரிக்கோல் இந்த நாலும் இருந்தால் போதும். இருபது சாமான் இருந்தால் பிடி தடித்துப்போய்க் கைக்குள் அடங்காது. யாருக்கு வாங்குகிறோமோ அவர்கள் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். என் பையனைக் கூட்டிக்கொண்டு போனதால்தான், நான் ஆசைப்பட்ட பெரிய கத்தி அவன் கைக்கு ஆகாது என்று தெரிந்தது. ஈரக் கையால் பிடித்தாலும் வழுக்காத பிடியாக இருக்கட்டும்.

பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்

* கையை நீட்டிச் சுற்றினால் தொடுகிற தூரத்தில் யாரும் இருக்கக் கூடாது.
* உடம்புக்கு வெளிப்புறமாகவே அறுக்க வேண்டும். மடியில் வைத்து அறுக்கக் கூடாது.
* மடக்கித்தான் பிறர் கையில் கொடுக்க வேண்டும். விரித்தபடி ஓரடிகூட நடக்கக் கூடாது.
* அலகைத் திருப்புளியாகவோ நெம்புகோலாகவோ உபயோகிக்கக் கூடாது.
* கூரை விரலில் தடவிப் பார்க்க வேண்டாம். காகிதத்தை அறுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மழுங்கின கத்திதான் ஆபத்து. அமுக்கி அறுக்கும்போதுதான் வழுக்கும். விமானத்தில் போகிறவர்கள் கத்தியைக் கைப்பையில் வைக்காமல், ஒப்படைக்கும் பெட்டியில் வைத்துவிடுங்கள்.

காயம் பட்டுவிட்டால்

அன்று பதற்றத்தில் பக்கத்து டீக்கடைக்கு ஓடி, காபிப் பொடி வாங்கி அப்பப் போனேன். நல்ல வேளை, என் கணவர் தடுத்தார். காபிப் பொடி, சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடித்து, கையை மார்புக்கு மேல் உயர்த்தி வையுங்கள். பத்து நிமிஷம் வரை எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். ரத்தம் நின்றதும் ஓடுகிற நல்ல தண்ணீரில் கழுவிக் கட்டுங்கள். பத்து நிமிஷம் அழுத்தியும் நிற்காவிட்டாலோ, காயம் வாய் பிளந்திருந்தாலோ, விரல் மரத்துப் போனாலோ, மடக்க முடியாவிட்டாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள். கடைசியாக எப்போது டெட்டனஸ் ஊசி போட்டது என்று கேட்பார். அதை வீட்டு டைரியில் குறித்து வைப்பது நல்லது.

பராமரிப்பு

பழம் நறுக்கியதும் அப்படியே மடக்கி வைத்தால் இடுக்கில் சாறு தங்கி எறும்பும் துருவும் வரும். வெந்நீரும் சோப்பும் விட்டு, கவனமாக ஓரிரு முறை விரித்து மடக்கிக் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். மரப்பிடியை ஊற வைக்காதீர்கள். உப்பிப்போய் அலகு திறக்க வராது. கீலில் ஒரே ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டுத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் அலகில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் உணவு நறுக்க வேண்டும். தேங்காயெண்ணெய் நாளடைவில் பிசுபிசுக்கும்.

பையனின் விரலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. புதுக் கத்தியைக் கையில் கொடுத்தபோது, நான் சொல்லாமலே பூட்டு விழுந்திருக்கிறதா என்று முதலில் பார்த்தான். மாமியாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மறுநாள் முகாமுக்குக் கட்டிய பையில், அந்தக் கத்தியைத் தன் பழைய சுருக்குப் பையில் போட்டு அவரே வைத்தார்.