புரோகிராம் ஓடினால் ஆய்வு முடிந்துவிடுமா?



"புரோகிராம் ஓடுதுதானே, பிறகேன் இன்னும் படிப்பு முடியேல்லை?" கணனி விஞ்ஞானத்தில் முதுமாணி ஆய்வேடு எழுதிய நாட்களில் அம்மா என்னிடம் அடிக்கடி கேட்ட கேள்வி இது. இன்று உங்கள் வீட்டிலும் இது கேட்கப்படலாம். அன்று எனக்குச் சொல்லத் தெரியாத பதிலை இங்கே தருகிறேன்.

கையால் எழுதிய தமிழ் எழுத்தைக் கணனி வாசிக்குமா என்பதே என் ஆய்வு. தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகள் எழுதித் தந்த எழுத்துகளில் பெரும்பகுதியைக் கணனியைப் பழக்கவும், மிகுதியைச் சோதிக்கவும் எடுத்தேன். ஏறக்குறைய எல்லாவற்றையும் அது சரியாகச் சொன்னது. எனக்குப் பெரிய சந்தோஷம்.

மேற்பார்வையாளர் ஒன்றுதான் கேட்டார்: "சோதித்த எழுத்தை எழுதிய பிள்ளையின் கையைக் கணனி முன்பே பார்த்திருக்கிறதா?"

பார்த்திருந்தது. ஒரே பிள்ளையின் எழுத்து இரண்டு பக்கமும் கலந்திருந்தது. வீட்டில் செய்த கணக்கையே சோதனையிலும் கொடுத்துவிட்டு நூறு புள்ளி போட்டதற்கு இது சமன்.

பிள்ளைவாரியாகப் பிரிக்கவும் வழியில்லை. விபரம், ஒப்பம் என்று கேட்டால் எங்கள் பெற்றோர் தயங்குவார்கள். அவர்கள் பட்டபாடு அப்படி. அதனால் தாள்களில் எதையும் குறிக்கவில்லை, முறையாகச் சம்மதமும் கேட்கவில்லை. இரண்டுமே பிழை.

மறுபடி தொடங்கினேன். தாளில் பெயர் இல்லை, இலக்கம் மட்டும். எழுத்து எதற்குப் பயன்படும், விரும்பாவிட்டால் இலக்கத்தைச் சொல்லி எப்படி விலகலாம் என்று தமிழில் படிவம் எழுதி, வாசித்தும் காட்டினேன். விளங்கியபின் பலர் சம்மதித்தார்கள். கணனி காணாத பிள்ளைகளின் எழுத்தைக் கொண்டு சோதித்தபோது பெறுபேறு நன்றாகக் குறைந்தது. அதையே ஆய்வேட்டில் எழுதினேன். ஒரு தவணை பிந்தியது.

பெரிய ஆய்வாளர்களுக்கும் இதே விதிதான். படங்களைக் கணனி இனங்காணும் இமேஜ்நெட் போட்டி 2010 முதல் 2017 வரை நடந்தது. சோதனைப் படங்களின் விடைகளை நடத்தியவர்கள் போட்டியாளர்களுக்கு முன்கூட்டியே கொடுக்கவில்லை. வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் முடிவுகளை அனுப்பிப் பார்க்கவும் விடவில்லை. 2015 இல் இந்த விதியை மீறிய ஒரு குழு ஓராண்டு விலக்கப்பட்டது.

புரோகிராம் எழுதுவது பாதி வேலை. நம் முடிவு எங்கே பிழைக்கலாம் என்று நாமே தேடுவது மறுபாதி. ஆகவே பெற்றோரே, "எப்ப முடியும்?" என்று கேட்குமுன், "என்னத்தைச் சோதிக்கிறாய், எப்படிச் சோதிக்கிறாய்?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பிள்ளை சொல்லச் சொல்ல, அவருக்கே தன் பிழை தெரியவரும்.