ஜெர்மனியில் குழந்தையோடு குடியேறுகிறீர்களா? முதல் வருடம் இப்படித்தான் இருக்கும்!

ஐ.டி வேலை கிடைத்து ஜெர்மனிக்குப் போகும் குடும்பங்களில், வேலைக்குப் போகிறவருக்கு முதல் வாரமே அலுவலகமும் நண்பர்களும் கிடைத்துவிடுகிறார்கள். வீட்டில் இருப்பவருக்கும் குழந்தைக்கும்தான் எல்லாமே புதிது. சாம்பார் பொடியோடு இந்த விவரங்களையும் மனதில் போட்டுக்கொண்டு விமானம் ஏறினால் பாதி பதற்றம் குறையும்.

முதல் வேலை பதிவுதான்

குடியேறிய இரண்டு வாரத்துக்குள் உள்ளூர் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். இதற்கு வீட்டு உரிமையாளரின் கடிதம் அவசியம். பதிந்த பிறகுதான் வரி எண் தபாலில் வரும். வேலை விசாவில் போகிறவர்களில் பெரும்பாலானோருக்கு அரசு தரும் 'கிண்டர்கெல்ட்' என்ற குழந்தைகள் உதவித்தொகை உண்டு. அதற்கு விண்ணப்பிக்கவும் இந்த எண் வேண்டும். 2025-ல் ஒரு குழந்தைக்கு மாதம் 255 யூரோ கிடைத்தது.

அம்மாவும் கூடவே உட்காரலாம்

ஒரு வயது முடிந்த குழந்தைக்கு 'கீட்டா' எனும் மழலையர் காப்பகத்தில் இடம் பெறுவது 2013 ஆகஸ்ட் முதல் சட்டப்படியான உரிமை. ஆனாலும் பெரிய நகரங்களில் இடம் கிடைப்பது சிரமம். அதனால் வீடு பார்க்கும்போதே பெயரைப் பதிந்துவிடுவது நல்லது. தட்டம்மைத் தடுப்பூசிச் சான்று கட்டாயம் என்பதால், ஊரில் போட்ட ஊசி அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

நம் ஊர்போல அழும் குழந்தையை வாசலில் விட்டுவிட்டு வரச் சொல்வதில்லை. முதல் சில நாள்கள் அம்மாவோ அப்பாவோ உள்ளேயே உட்கார்ந்திருப்பார்கள். பிறகு பத்து நிமிடம், அரை மணி நேரம் என்று பிரிவைக் கூட்டுவார்கள். இதற்குச் சில வாரங்கள் ஆகும். புது வேலையில் சேரும் தேதியை அதற்கேற்பத் திட்டமிடுங்கள்.

பள்ளிக்கு லீவு போட முடியாது

முதல் வகுப்பில் சேரும் நாளில் குழந்தையின் கையில் மிட்டாயும் பென்சிலும் நிறைந்த பெரிய கூம்பு ஒன்றைக் கொடுப்பது அங்கே திருவிழா மாதிரி. அதன்பின் கண்டிப்பு ஆரம்பம். டிக்கெட் விலை குறைவு என்று விடுமுறைக்கு முன்பே அனுமதியில்லாமல் ஊருக்குக் கிளம்பினால் அபராதம் விழலாம்.

ஞாயிறு அமைதி

ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சத்தமும் கூடாது. மாவு அரைப்பதைச் சனிக்கிழமையே முடித்துக்கொள்வதுதான் அண்டை வீட்டு உறவுக்கு நல்லது. குளிர்காலத்தில் மாவு புளிக்காது. அவனுக்குள் வைத்து விளக்கை மட்டும் போட்டுவிடுவதே அங்குள்ள தமிழ் வீடுகளின் வழி.

வீட்டில் எந்த மொழி?

டிசம்பரில் மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். அந்த நேரத்தில் இந்தியாவில் இரவு ஒன்பது மணி. அதனால் தாத்தா பாட்டியோடு பேசக் கிடைக்கும் நேரம் குறைவு. அந்தக் கொஞ்ச நேரத்திலும், தமிழில் கேட்டதற்குக் குழந்தை ஜெர்மனில் பதில் சொல்ல ஆரம்பிக்கும். இதைத் தவிர்க்க, வீட்டில் தமிழ் மட்டுமே என்று ஆரம்பத்திலேயே முடிவெடுங்கள். ஜெர்மனை வெளியுலகம் கற்றுக்கொடுத்துவிடும். ஈழத்தமிழர்கள் பல ஊர்களில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் நடத்துகிறார்கள்.

நான்காம் வகுப்பு கேள்வி

பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்பு முடிந்ததும் குழந்தை எந்த வகை உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் என்பது முடிவாகிறது. ஊருக்குத் திரும்புவதா, தங்குவதா என்பதை அதற்கு முன்பே கணவனும் மனைவியும் பேசிவிடுவது நல்லது. 'இன்னும் ஒரு வருடம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போட்டுக்கொண்டே போனால், இரண்டு ஊர்ப் பாடத்திட்டத்துக்கும் நடுவில் சிரமப்படப்போவது குழந்தைதான்!