மழைக்கணக்குக்குப் பக்கத்து ஊர் சாட்சி

1766 ஜூலையில் வில்லியம் ஹெபர்டன் என்ற லண்டன் மருத்துவர் ஒரே மாதிரியான மூன்று மழைமானிகளை மூன்று உயரங்களில் வைத்தார். ஒன்று வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தின் உச்சியில். இன்னொன்று அதற்கு அருகே ஒரு வீட்டுக் கூரைமேல். மூன்றாவது அந்த வீட்டுத் தோட்டத்தில். ஓராண்டு கழித்துக் கூட்டிப் பார்த்தபோது தோட்டத்தில் 22.6 அங்குலம், கூரையில் 18.1, தேவாலய உச்சியில் 12.1 அங்குலம் மட்டுமே. மூன்றின்மேலும் பெய்தது ஒரே மழைதான்.

மழைத்துளி விழும் வழியில் காற்றின் ஈரத்தைச் சேர்த்துக்கொண்டு பருக்கிறது, அதனால் கீழே அதிகம் சேர்கிறது என்று சில அறிஞர்கள் விளக்கம் சொன்னார்கள். சரியான காரணத்தை 1861இல் எடுத்துச் சொன்னவர், பிற்பாடு பொருளாதார நிபுணராகப் பேர் வாங்கிய ஸ்டான்லி ஜெவன்ஸ். குற்றவாளி காற்று. மழைமானி காற்றுக்குக் குறுக்கே நிற்கிறது. அதன் வாய்க்குமேல் காற்று வேகம் கூடிப் பாய்கிறது. உள்ளே விழவேண்டிய சிறு துளிகளை அப்பால் தள்ளிக்கொண்டு போகிறது. உயரம் கூடக் காற்றும் கூடுவதால் நட்டமும் கூடுகிறது.

வெவ்வேறு ஊர்களின் வானிலை ஆர்வலர்கள் மாதக் கடைசியில் ஒருவருக்கொருவர் கணக்கை ஒப்பிடும்போது முதலில் வரும் சிக்கல் இதுதான். ஓர் ஊரில் 80 மில்லிமீட்டர், அடுத்த ஊரில் 60 என்றால் அந்த 20 வானத்தில் வந்த வித்தியாசமா, மொட்டைமாடியில் வந்த வித்தியாசமா?

கருவி என்னவோ எளியதுதான். ஒரு புனல், அடியில் ஒரு பாத்திரம், அளந்து பார்க்க ஒரு கண்ணாடிக் குழாய். புனலின் வாயைவிடக் குழாய் மிகக் குறுகலாக இருப்பதால் ஒரு மில்லிமீட்டர் மழைகூட அதில் உயர்ந்து நின்று தெளிவாகத் தெரியும். கருவியைவிட அதை வைத்திருப்பவரின் பழக்கம்தான் கடினமான சங்கதி.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் ஜார்ஜ் ஜேம்ஸ் சைமன்ஸ். 1850களின் நடுவில் தெற்கு இங்கிலாந்தில் மழை ஆண்டுக்கணக்கில் பொய்த்தது. எவ்வளவு குறைந்தது என்று சொல்ல ஒழுங்கான கணக்கு இல்லை. இளைஞரான சைமன்ஸ் ஊர் ஊராகக் கடிதம் எழுதினார், பத்திரிகைகளில் வேண்டுகோள் விடுத்தார். 1860ஆம் ஆண்டுக்கான அவருடைய முதல் தொகுப்பில் இருந்தவை 168 இடங்கள். 1900இல் அவர் இறந்தபோது மூவாயிரத்துக்கும் மேல். பாதிரியார்கள், மருத்துவர்கள், பண்ணையார்கள், தோட்டக்காரர்கள் எனப் பலதரப்பட்டவர்கள் அளந்து அனுப்பினார்கள். பெரும்பாலோருக்குச் சம்பளம் கிடையாது. எண்ணிக்கையைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அவர் போட்ட கட்டுப்பாடு. மானியின் விளிம்பு தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் இருக்கவேண்டும், காலை 9 மணிக்கு அளக்கவேண்டும். இந்தப் பிடிவாதம் இல்லாவிட்டால் மூவாயிரம் பேரும் மூவாயிரம் கதை சொல்லியிருப்பார்கள்.

நேரத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. பிரிட்டனில் காலை 9 மணிக்கு அளந்த மழையை முந்தின நாளின் பேரில் எழுதுவது வழக்கம். இந்திய வானிலைத் துறை காலை 8.30க்கு அளந்ததை அதே தேதியில் எழுதுகிறது. ஆகவே ஜூன் 30 இரவு கொட்டிய மழை அங்கே ஜூன் கணக்கில் சேரும், இங்கே ஜூலையில் சேரும். ஒரே இரவில் 100 மில்லிமீட்டர் பெய்துவிடும் நம் பக்கத்தில் இது சின்ன விஷயமில்லை.

வெப்பநிலையில் நேரம் இன்னும் விஷமம் செய்யும். அமெரிக்காவின் தன்னார்வப் பார்வையாளர்கள் பலர் முன்பு மாலையில்தான் உச்ச, நீச வெப்பமானிகளைப் பார்த்துவிட்டு, அவற்றின் குறியை அப்போதைய வெப்பத்துக்குத் திருப்பி வைத்தார்கள். கொதிக்கும் நாள் ஒன்றில் மாலை 5 மணிக்குக் கருவியைத் திருப்பி வைத்தால், அந்த நேரத்து வெப்பமே அடுத்த கணக்கின் தொடக்கமாகிவிடும். மறுநாள் குளிர்ந்தாலும் ஏட்டில் நேற்றைய சூடு இரண்டாம் முறை ஏறும். காலையில் பார்ப்பவருக்கு நேர்மாறு: விடியற்காலைக் குளிர் இரண்டு தடவை பதிவாகும். இருபதாம் நூற்றாண்டில் பலரும் மெல்ல மெல்ல மாலையிலிருந்து காலைக்கு மாறியதால், ஊர் குளிராமலே ஏடு குளிர்ந்தது. ஆய்வாளர்கள் பிறகு அதைத் திருத்தவேண்டியிருந்தது.

எல்லோரும் ஒரே விதியில் அளந்தாலும் மொத்த அளவை அப்படியே ஒப்பிட்டுப் பயனில்லை. இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் சீத்வெயிட் என்ற சிற்றூரில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும்; கிழக்கே எசெக்ஸ் கரையோரத்தில் 600ஐக்கூடத் தொடாது. ஒரு டிசம்பரில் 200 மில்லிமீட்டர் என்றால் சீத்வெயிட்காரர் மழை குறைவு என்பார், எசெக்ஸ்காரர் வயலில் நிற்கும் தண்ணீரைக் காட்டுவார். அதனால் அந்தந்த ஊரின் முப்பதாண்டுச் சராசரியில் இது எத்தனை சதவீதம் என்று பார்க்கிறார்கள். இப்போது 1991 முதல் 2020 வரையிலான சராசரி புழக்கத்தில் இருக்கிறது.

ஐந்தே ஆண்டு அளந்தவர் என்ன செய்வார்? பக்கத்து ஊரின் பழைய ஏட்டைப் பிடிக்கவேண்டும். அந்த ஐந்தாண்டில் அவருக்கு 5,500 மில்லிமீட்டரும் பக்கத்து ஊருக்கு 5,000மும் பெய்திருந்தால் விகிதம் 1.1. பக்கத்து ஊரின் நீண்டகாலச் சராசரி 900 என்றால் இவருடையதை 990 என்று மதிப்பிடலாம்.

தவறைப் பிடிக்கவும் பக்கத்து ஊர்தான் உதவுகிறது. உங்கள் மழையை ஆண்டுக்காண்டு கூட்டிக்கொண்டே போங்கள். சுற்றுவட்டார ஊர்களின் சராசரியையும் அப்படியே கூட்டுங்கள். ஒன்றுக்கு எதிராக மற்றதை வரைபடத்தில் குறித்தால் புள்ளிகள் ஏறக்குறைய நேர்கோட்டில் விழும். நல்ல மழையாண்டும் பஞ்ச ஆண்டும் இரு பக்கத்தையும் ஒன்றாகத் தாக்குவதால் கோடு வளையாது. ஏதோ ஓராண்டில் கோடு திடீரென்று சாய்ந்தால் வானத்தின்மேல் பழி போடவேண்டாம். வேப்பமரம் வளர்ந்து மானியை மறைத்திருக்கும், அல்லது வீட்டார் யாரோ அதைச் சுவரோரம் நகர்த்தியிருப்பார்கள்.

ஏட்டின் ஓரத்தில் எழுதிய குறிப்புகளுக்கு அப்போதுதான் மதிப்பு. இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் 1835 முதல் 1887 வரை மழை அளந்த பேனிங் சீமாட்டி, விருந்துக் காலத்துக்கு லண்டன் போகும்போது மழைமானியையும் கூடவே எடுத்துப்போனாராம். இது தெரியாமல் அவருடைய மாதக் கணக்கை நார்ஃபோக் மழையென்று கூட்டியிருந்தால் லண்டன் மழையும் அதில் கலந்திருக்கும்.

இத்தகைய பழைய ஏடுகள் வெளிச்சத்துக்கு வந்தது 2020இல். ஊரடங்கில் வீட்டிலிருந்த சுமார் 16,000 தன்னார்வலர்கள், ரெடிங் பல்கலைக்கழகத்தின் எட் ஹாக்கின்ஸ் தொடங்கிய திட்டத்தில் சேர்ந்து, கையெழுத்தில் கிடந்த 52 லட்சம் மழைப் பதிவுகளைப் பதினாறே நாளில் கணினியில் ஏற்றினார்கள். அதன்பின் பிரிட்டனின் தேசிய மழைக்கணக்கை 1862லிருந்து 1836 வரை பின்னோக்கி நீட்ட முடிந்தது. நீண்ட கணக்கில் மிக வறண்ட ஆண்டாகத் தேறியது 1855. சைமன்ஸைக் கடிதம் எழுத வைத்த அந்த வறட்சிக்காலம் அதுவரை தேசியக் கணக்கிலேயே இல்லை.