கொழுந்துக் கத்தரி

தேயிலைத் தூரின் மேல்மட்டத்தில் நிற்கும் தளிரை விரலால் ஒடிக்காமல் வெட்டி எடுக்க உதவும் கைக்கருவி கொழுந்துக் கத்தரி. நீண்ட இரு அலகுகள், இரு கைப்பிடிகள், வெட்டிய கொழுந்தைத் தாங்க ஓர் அலகோடு சேர்ந்த தட்டு. இவ்வளவுதான் அதன் உடம்பு. ஜப்பானியத் தோட்டங்களில் பை கட்டிய கத்தரி 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே வழக்கத்துக்கு வந்தது. இலங்கையில் தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம் நம் மலைகளுக்கென ஒரு வகையை உருவாக்கியது.

இதன் தேவை கொழுந்து பறிக்கும் பெண்களின் கையில் தெரிகிறது. ஒரு கிலோ பச்சைக் கொழுந்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தளிர்கள் இருக்கும். பல தோட்டங்களில் ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் முழுச் சம்பளத்துக்கு, கேட்கப்படும் 18 கிலோவை எடுக்க, கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஒரே அசைவை எத்தனை ஆயிரம் தடவை செய்கின்றன என்று கணக்கிடலாம். கட்டைவிரலடித் தசைநாண்கள் அவற்றின் உறைக்குள் உரசி வீங்குகின்றன. மணிக்கட்டில் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் ஒரே குறுகிய வழியால் செல்வதால், அங்கு வீக்கம் வந்தால் நரம்பு நசுங்கும். இரவில் விரல்கள் மரத்துப்போகும்.

கத்தரி விரலுக்கு ஓய்வு தருகிறது. ஆனால் பாரம் முன்கைக்கும் தோளுக்கும் ஏறுகிறது. அலகு மழுங்கினால் பாரம் இன்னும் கூடும். ஊவாவின் கொஸ்லந்த, பூனாகலைப் பக்கத்துச் செங்குத்து மலைகளில் ஒரு கையால் தூரைப் பிடித்துத்தான் கால் ஊன்ற முடியும். கத்தரியோ இரு கைகளையும் கேட்கிறது. இருவர் தூக்கிச் செல்லும், கொழுந்து வெட்டும் மோட்டார் இயந்திரத்துக்கு அங்கே இடமே இல்லை.

செடிக்கும் இதில் பங்குண்டு. கத்தரி முற்றிய இலை, இளந்தளிர் என்று பார்ப்பதில்லை. ஓயாமல் வெட்டினால் தூர் தன்னை வளர்க்கும் பராமரிப்பு இலையை இழந்து மெலியும். இதற்காகவே சில வகைகளில் அலகு தூரின் மேல்மட்டத்துக்குச் சற்று மேலே நின்று வெட்டுமாறு படி வைக்கப்பட்டிருக்கிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசும்போது ஊவாத் தேயிலைக்கு வரும் தனி மணத்துக்கு, இரண்டு இலையும் மொட்டுமாகக் கையால் எடுத்த கொழுந்தே தகும். கொழுந்து குமியும் மாதங்களில் கத்தரி, மணம் கூடும் மாதங்களில் கை என்று மாற்றி மாற்றிப் பறிப்பதே செடிக்கும் பெண்ணுக்கும் ஏற்றது.

கத்தரி வந்ததும் கிலோக் கணக்கை உயர்த்தும் தோட்டத்தில் விரலுக்கு அந்த ஓய்வு கிடைக்காது. கத்தரியோடு சாணை பிடிக்க ஆளும், பழைய கிலோக் கணக்கும் இருந்தாக வேண்டும்.