கடன் கொப்பிக்கு எந்தப் பேனை, எந்த மை?

வியாபாரத்தில் எதற்கெல்லாமோ கணக்குப் பார்க்கும் நாம், கணக்கு எழுதும் மைக்குக் கணக்குப் பார்ப்பதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். 2016ஆம் ஆண்டு மே மாதம் களனி கங்கை பெருக்கெடுக்கும் வரை.

கொலன்னாவையில் எனக்கொரு பலசரக்குக் கடை. அன்று வெள்ளம் இடுப்பளவு ஏறியது. மூன்றாம் நாள் கடையைத் திறந்தபோது அரிசியும் மாவும் போனது போனதுதான். ஆனால் கடன் கொப்பி மேசை லாச்சியில் நனைந்தபடி இருந்தது. "அல்ஹம்துலில்லாஹ், கணக்காவது மிஞ்சியதே" என்று அதனை வெயிலில் காய வைத்தேன்.

சில வாரங்களின் பின்னர், எங்களிடம் சாமான் எடுக்கும் தேநீர்க் கடைக்கார நானா ஒருவரிடம், "நானா, மார்ச் மாதக் கணக்கு 48,000 ரூபா இன்னும் நிக்குது" என்று சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். மறுநாள் காலை, பிளாஸ்டிக் பையொன்றிலிருந்து பற்றுச்சீட்டு ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"தம்பி, இது ஒங்கட கையெழுத்துத்தானே?"

என்னுடையதுதான். ஏப்ரல் மாதமே முழுப் பணத்தையும் கட்டியிருக்கிறார். எங்கே பிழை நடந்தது? கொப்பியை மீண்டும் விரித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. சாமான் கொடுத்ததைக் கடைப் பையன் குமிழ்முனைப் பேனையால் எழுதியிருந்தான். அது அப்படியே இருந்தது. பணம் வாங்கியதை நான் எனது ஊற்றுப் பேனையால், அழகான நீல மையில் எழுதியிருந்தேன். அந்த இடத்தில் வெளிறிய நீலக் கறை மட்டுமே இருந்தது. பற்றுச்சீட்டின் அடிக்கட்டையும் வெள்ளத்தோடு போய்விட்டது. அதாவது, அவர் பட்ட கடன் கொப்பியில் நின்றது; அவர் அடைத்த கடன் அழிந்துவிட்டது.

அவர் அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்தாமல் இருந்திருந்தால்? கட்டிய பணத்தை இரண்டாம் முறை கேட்ட பாவம் என் தலையில் விழுந்திருக்கும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு கற்பிக்கப்பட்ட சமூகம் நாம். எழுதியது நிலைக்காவிட்டால் எழுதியதில் என்ன பயன்?

ஏன் அழிந்தது?

ஊற்றுப் பேனை மைகளில் பெரும்பாலானவை தண்ணீரில் கரைந்த சாயம்தான். தாள் நனைந்தால் சாயம் மீண்டும் கரைந்து ஓடிவிடும். நான் வாங்கிய போத்தலில் "வொஷபிள்" என்று எழுதியே இருந்தது. பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டையில் பட்டால் கழுவ வசதியாகச் செய்யப்படும் மை அது. அதனை வாங்கிக் கடன் கொப்பியில் எழுதியது என் தவறு.

அதே லாச்சியில் வாப்பா 1970களில் எழுதிய பழைய பேரேடு ஒன்றும் நனைந்து கிடந்தது. அதில் ஓர் எழுத்தும் போகவில்லை. வாப்பா பாவித்தது அந்தக் காலத்து நீலக்கறுப்பு மை. அதில் இரும்பு உப்பும், கடுக்காய் போன்றவற்றில் உள்ள துவர்ப்புச் சத்தும் கலந்திருக்கும். எழுதிய பின்னர் காற்றுப் பட்டு, தாளின் நாருக்குள்ளேயே அது கறுப்பாக மாறிவிடும். நனைந்தால் மேலுள்ள நீலச் சாயம் போகலாம். கறுப்பு வரி போகாது. இங்கிலாந்தில் பிறப்பு, இறப்புப் பதிவேடுகளுக்கு நீண்டகாலமாக இவ்வகை மையையே பயன்படுத்தி வந்தார்கள்.

எந்த மை வாங்கலாம்?

நிலைத்து நிற்கும் மை இரண்டு வகை. ஒன்று, மேற்சொன்ன இரும்பு மை. பெலிக்கன் 4001 நீலக்கறுப்பு, பிளாட்டினம் நீலக்கறுப்பு ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. ஆனால் நீலக்கறுப்பு என்று பெயர் இருப்பதெல்லாம் இரும்பு மை அல்ல. பலவற்றில் அது வெறும் நிறத்தின் பெயர்தான்.

இரண்டாவது, நிறமித் துகள் மை. பிளாட்டினம் கார்பன் பிளாக், செயிலர் கிவகுரோ என்பன இதற்கு உதாரணங்கள். மிக நுண்ணிய கறுப்புத் துகள்கள் தாளில் ஒட்டிக்கொள்வதால் தண்ணீருக்குக் கரையாது.

இரண்டுக்கும் பராமரிப்பு வேண்டும். இரும்பு மை அமிலத் தன்மை உடையது. பேனைக்குள் வாரக்கணக்கில் சும்மா விட்டால் உருக்கு முள்ளை அரிக்கலாம். துகள் மை உள்ளே காய்ந்தால் அடைத்துக்கொள்ளும். எனவே நாளாந்தம் எழுதுங்கள். மாதம் ஒரு முறை சாதாரணத் தண்ணீரால் பேனையைக் கழுவுங்கள். ஒரு மையுடன் இன்னொன்றைக் கலக்க வேண்டாம். சித்திரம் வரையும் இந்தியன் இங்கை ஊற்றுப் பேனையில் ஒருபோதும் ஊற்ற வேண்டாம். அதிலுள்ள அரக்கு காய்ந்தால் பேனை அத்தோடு முடிந்தது.

கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பாமல் நீங்களே சோதித்துப் பாருங்கள். உங்கள் கொப்பித் தாளில் நான்கு வரி எழுதி ஒரு நாள் காய விடுங்கள். முதல் வரியை மூடி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதில் தண்ணீர் விட்டுப் பாருங்கள். மூன்றாவதில் துணி வெளுக்கும் திராவகத்தில் ஒரு துளி விடுங்கள். நான்காவதை ஜன்னல் வெயிலில் ஒரு மாதம் வையுங்கள். பிறகு முதல் வரியோடு ஒப்பிடுங்கள்.

எந்தப் பேனை?

மை படாத பேனை மீதான ஆசை இன்று நேற்று வந்ததல்ல. கெய்ரோ நகரம் உருவான காலத்தில் ஆட்சி செய்த பாத்திமியக் கலீபா அல்-முஇஸ் (953-975), கையில் மை படாமல், மையைத் தன்னுள்ளே வைத்திருக்கும் எழுதுகோல் ஒன்றைச் செய்யுமாறு பணித்ததாக அவரது காழி அந்-நுஃமான் குறித்து வைத்துள்ளார். இன்று நாம் அறிந்த ஊற்றுப் பேனைக்கு லூயிஸ் வோட்டர்மன் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1884இல்.

தங்க முள் என்று விலையைக் கண்டு மயங்க வேண்டாம். தாளில் உரசுவது முள்ளின் நுனியில் ஒட்டப்பட்ட கடினமான உலோகப் பொட்டுத்தான். அது உருக்கு முள்ளிலும் உண்டு. நாளாந்தக் கணக்குக்கு உருக்கு முள் தாராளமாகப் போதும். ஆனால் பருமன் முக்கியம். சீ.ஆர். கொப்பித் தாள் மையை உறிஞ்சிப் பரவ விடும். தடித்த முள்ளால் எழுதினால் 3உம் 8உம் ஒன்றாகத் தெரியும். ஆகவே "எஃப்" என்று குறிக்கப்பட்ட மெல்லிய முள்ளை எடுங்கள். ஜப்பானிய மெல்லிய முள், ஜேர்மனிய மெல்லிய முள்ளைவிடப் பொதுவாக இன்னும் மெல்லியது. சிறிய கட்டங்களில் இலக்கம் எழுதுவோருக்கு ஜப்பானியப் பேனை பொருந்தும்.

நான் இப்போது பாவிப்பது ஜப்பானின் பிளாட்டினம் பிரெப்பி. அந்நிறுவனத்தின் பேனைகளில் மலிவான வகை. மூடிக்குள் காற்றுப் புகாத அமைப்பு இருப்பதால் சில நாள் எழுதாவிட்டாலும் மை காய்வதில்லை. சீனாவின் ஹீரோ 616 நம்மவர்களுக்குப் பழக்கமானது. கொஞ்சம் கூடுதலாகச் செலவழிப்பவர்களுக்கு பைலட் மெட்ரோபொலிட்டன், லேமி சஃபாரி ஆகியன உண்டு.

மைக்குழாய் வாங்கி வாங்கி வீசுவதை விட போத்தல் மை இலாபம். உறிஞ்சு குழாய் ஒரு முறைக்கு ஒரு மில்லிலீற்றருக்குச் சற்றுக் குறைவாகவே மை எடுக்கும். 50 மில்லிலீற்றர் போத்தலில் ஐம்பது தடவைக்கு மேல் நிரப்பலாம். என் எழுத்துக்கு ஒரு தடவை நிரப்பினால் நான்கு நாள் போகும். அப்படியென்றால் ஒரு போத்தல் ஆறு மாதத்துக்கும் மேல் வரும்.

சேர்ட் பொக்கட்டில் மை ஒழுகுகிறது என்பது பலரின் முறைப்பாடு. மை குறைந்த பேனைக்குள் காற்று அதிகம். உடம்புச் சூட்டில் அந்தக் காற்று விரிந்து மையை வெளியே தள்ளும். மை தீர முன்னரே நிரப்புங்கள். முள் மேலே இருக்கும்படி பொக்கட்டில் குத்துங்கள்.

எங்கே வேண்டாம்?

காபன் தாள் வைத்து எழுதும் பில் கொப்பிக்கு ஊற்றுப் பேனை உதவாது. அழுத்தி எழுதினால் முள் விரிந்துவிடும். அதற்குக் குமிழ்முனைப் பேனைதான். அதன் மை தண்ணீருக்கும் தாங்கும். ஆனால் நகப்பூச்சு அகற்றும் அசிட்டோன் போன்ற திரவங்கள் அதனைக் கரைத்துவிடும்.

காசோலை விடயத்தில் கவனம் தேவை. 2006 முதல் நமது நாட்டில் காசோலைக்குப் பதிலாக அதன் படமே வங்கிகளுக்கிடையே அனுப்பப்படுகிறது. வெளிறிய மையும் அலங்கார நிறங்களும் அதற்கு உகந்தவை அல்ல. கறுப்பு அல்லது நீலக்கறுப்பு, அழியாத மை, தொகைக்கு முன்னும் பின்னும் இடைவெளி விடாத எழுத்து. இம்மூன்றையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

அந்த நானாவிடம் அன்றே மன்னிப்புக் கேட்டேன். "வெள்ளம் செஞ்ச வேல தம்பி" என்று சிரித்தார். வெள்ளம் பாதி, மை பாதி என்பது எனக்குத் தெரியும். இப்போதும் அவர் எங்களிடம்தான் சாமான் எடுக்கிறார். பணம் கட்டியதும் கொப்பியை அவர் பக்கம் திருப்பி, எழுதியதைக் காட்டிவிட்டுத்தான் மூடுகிறேன். கொப்பியையும் லாச்சியில் வைப்பதில்லை. இரவில் மேல் தட்டில், பிளாஸ்டிக் உறைக்குள்.