தளர்ந்த மூட்டும் வழுக்கும் தரையும்

மலேசியாவின் செமினியைச் சுற்றியிருந்த தோட்டங்களில் பல இன்று தாமான்களாக, அதாவது வீடமைப்புப் பகுதிகளாக, மாறிவிட்டன. மனிதர்களோடு நாய்களின் வாழ்க்கையும் மாறிவிட்டது. தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலில் மண்ணிலும் புல்லிலும் ஓடித் திரிந்த நாய்களின் இடத்தில், இப்போது டைல்ஸ் பதித்த மாடி வீடுகளில் லாப்ரடாரும் ஜெர்மன் ஷெப்பர்டும் வளர்கின்றன. இந்தப் பெரிய இனங்களை ஒரு நோய் அதிகம் தாக்குகிறது. ஒரு வயதுகூட ஆகாத நாய், படுத்தால் எழச் சிரமப்படும். ஓடும்போது இரண்டு பின்னங்கால்களையும் சேர்த்தே தூக்கி வைக்கும். நடந்தால் இடுப்பு இருபுறமும் ஆடும்.

இதுதான் இடுப்பு மூட்டு வளர்ச்சிக் கோளாறு. நாய்களுக்கு இது வருவதை 1935-இல் அமெரிக்க விலங்கு மருத்துவர் ஷ்னெல் முதன்முதலாக விவரித்தார். வியப்பு என்னவென்றால், குட்டி பிறக்கும்போது அதன் இடுப்பில் பெரிய குறை எதுவும் தெரிவதில்லை.

தொடையெலும்பின் உருண்டைத் தலை, இடுப்பெலும்பின் குழிக்குள் அமர்ந்து சுழல்கிறது. குட்டியின் குழி பெரும்பாலும் குருத்தெலும்பு. குயவர் கையிலுள்ள பச்சை மண்ணைப் போல, அழுத்தத்துக்கு ஏற்ப உருவம் கொள்வது. உருண்டை இறுக்கமாக அமர்ந்திருந்தால் குழி ஆழமாக வளரும். பிணைப்புத் தளர்ந்திருந்தால், அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் உருண்டை நழுவிக் குழியின் விளிம்பை இடிக்கும். விளிம்பு தேயும், குழி ஆழம் குறையும், உருண்டையும் தட்டையாகும். வலியும் மூட்டுவாதமும் அதன் பிறகு வருபவை. மூட்டு முதலில் தளர்கிறது. எலும்பு பிறகு கெடுகிறது.

இந்தத் தளர்ச்சி எக்ஸ்ரேயின் கண்ணுக்கே நெடுங்காலம் தப்பியது. நாயை மல்லாக்கப் படுக்கவைத்து, பின்னங்கால்களை நேராக நீட்டிப் படம் எடுப்பது வழக்கம். அப்படி நீட்டும்போது மூட்டைச் சுற்றியுள்ள உறை முறுக்கிக்கொண்டு உருண்டையைக் குழிக்குள் தள்ளிவிடுகிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கேல் ஸ்மித் 1980களில் இதற்கு வழி கண்டார். நாயை மயக்கி, கால்களை இயல்பான நிலையில் வைத்து, உருண்டையை மெல்ல வெளிப்புறமாக நெம்பி, அது எவ்வளவு விலகுகிறது என்று அளந்தார். நான்கு மாதக் குட்டியிடமே இதை அளந்துவிடலாம். இந்த அளவைக் குறிக்கும் விலகல் எண் 0.3-க்குக் கீழே இருந்தால் கவலை குறைவு.

தளர்ச்சிக்கு வேர் பரம்பரை. பல மரபணுக்கள் சேர்ந்து செய்யும் வேலை. ஆனாலும் வளர்ப்பவர் கையில் நிறைய இருக்கிறது. பியூரினா நிறுவனம் 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு மற்றதைவிடக் கால் பங்கு குறைவாகத் தீனி கொடுத்தது. இரண்டு வயதில் நிறையத் தின்ற 24 நாய்களில் 16-க்கு இந்தக் கோளாறு. குறைவாகத் தின்ற 24-இல் 7-க்கு மட்டும். குறைவாகத் தின்றவை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கூடுதலாகவும் வாழ்ந்தன. நாய்த் தீனி விற்கும் நிறுவனமே இதைச் செய்து வெளியிட்டது பாராட்டத்தக்கது.

தரையைப் பற்றி 2012-இல் வெளியான நார்வே ஆய்வு பேசுகிறது. மூன்று மாதம் வரை தினமும் படியேறி இறங்கிய குட்டிகளுக்கு ஆபத்து கூடியது. மேடு பள்ளமான மென்மையான நிலத்தில் கயிறின்றி ஓடியவற்றுக்கும், பண்ணையில் பிறந்தவற்றுக்கும் குறைந்தது. தோட்டத்து நாய்க்குக் கேளாமலே கிடைத்தது அந்த மண்தான்.

குட்டி வாங்கப் போகிறவர்கள் தாய், தகப்பன் இரண்டின் இடுப்பு எக்ஸ்ரேயையும் கேட்டுப் பாருங்கள். வீட்டுக்கு வந்த குட்டியைக் கொழுக்க வைக்காதீர்கள். அதற்கு மூன்று மாதம் ஆகும்வரை படிக்கட்டுக்குத் தடுப்பு போடுங்கள். தினமும் சற்று நேரம் புல்தரையில் ஓடவிடுங்கள்.