பதற்றப்படும் பிள்ளை, ஜெபிக்கும் வீடு

திங்கட்கிழமை காலை. பத்தாம் வகுப்பு படிக்கும் பெண் சீருடை போட்டுத் தயாராகிவிட்டாள். வாசலில் ஆட்டோ ஹாரன் கேட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். முந்தைய இரவு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் யாரோ அவளுடைய படத்தை ஸ்டிக்கராக்கிச் சுற்றவிட்டிருக்கிறார்கள். அது அம்மாவுக்குத் தெரியாது. அம்மா பதறிப்போய் அவள் தலையில் கைவைத்து ஜெபிக்கிறார். "இன்னைக்கு ஒரு நாள் வீட்லயே இரும்மா" என்கிறார். ஆட்டோ போன கொஞ்ச நேரத்தில் வலியும் போய்விடுகிறது. மறுநாள் ஹாரன் கேட்பதற்கு முன்பே வலி வந்துவிடுகிறது.

இப்படியொரு காலை பாளையங்கோட்டையிலும் நாகர்கோவிலிலும் பெரம்பூரிலும் எந்தக் கிறிஸ்தவ வீட்டிலும் நடக்கக்கூடியது. உறவினர்கள் இதற்கு இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று, பிள்ளைக்கு விசுவாசம் போதவில்லை. மற்றொன்று, எல்லாம் இந்தப் போனால் வந்தது. இரண்டுமே பிள்ளையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகின்றன. பதற்றம் உடலுக்குள் எப்படி வேலை செய்கிறது என்பது புரிந்தால், பெற்றோரின் ஜெபத்துக்கும் அன்புக்கும் அதில் உண்மையான இடம் எது என்பதும் புரியும்.

வலி பொய்யல்ல

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 10 முதல் 19 வயதுக்குள் இருப்பவர்களில் ஏழில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருக்கிறது. அவற்றில் அடிக்கடி காணப்படுபவற்றுள் பதற்றமும் ஒன்று.

மூளையின் உள்ளே அமிக்டலா என்ற சிறு பகுதி இருக்கிறது. ஆபத்து என்று அது கருதிய கணத்தில் உடல் முழுவதும் தயார்நிலைக்கு வந்துவிடுகிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, செரிமானம் மட்டுப்பட்டு ரத்தம் கைகால் தசைகளுக்குத் திரும்புகிறது. வயிறு பிசைவதும் குமட்டுவதும் இதனால்தான். பாம்பைக் கண்டாலும் சரி, வகுப்பே சிரிக்கும் என்று நினைத்தாலும் சரி, உடல் காட்டும் எதிர்வினை ஏறத்தாழ ஒன்றே.

இதை நிதானப்படுத்த வேண்டிய பகுதி, நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளைப் புறணி. அது முழு முதிர்ச்சி அடைய இருபது வயதைத் தாண்டிச் சில ஆண்டுகள் ஆகும். ஆனால் சகவயதினர் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்ற கூருணர்வோ பதின்ம வயதில்தான் உச்சத்துக்குப் போகிறது. நண்பர்களின் ஏளனம் ஒரு காலத்தில் பள்ளி மணியோடு முடிந்தது. இன்று அது போனுக்குள் ஏறிப் படுக்கைவரை வருகிறது.

ஆகவே "பயப்படாதே என்று வேதத்தில் எழுதியிருக்கிறதே" என்று பிள்ளையிடம் சொல்லும்போது, அது தன் விருப்பப்படி செய்யாத ஒன்றுக்காக அதைக் கண்டிக்கிறோம். பிள்ளையின் பயத்தோடு இப்போது குற்ற உணர்வும் சேர்ந்துகொள்கிறது. கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே மிகுந்த வியாகுலத்தில் இருந்தார் என்றும், தன்னோடு விழித்திருக்கும்படி நண்பர்களைக் கேட்டார் என்றும் நற்செய்தி நூல்கள் சொல்கின்றன. வியாகுலப்படுவது பாவம் என்று சொல்ல அந்த இரவு இடம்தரவில்லை.

விலகினால் வளரும்

பதற்றத்தைப் பற்றி அறிவியல் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை ஒன்று உண்டு. பயந்த இடத்திலிருந்து விலகும்போது உடனே நிம்மதி கிடைக்கிறது. விலகியதால்தான் தப்பினோம் என்று மூளை அந்த நிம்மதியிலிருந்து பாடம் படித்துக்கொள்கிறது. அடுத்த முறை பயம் இன்னும் சீக்கிரம் வருகிறது, இன்னும் பெரிதாக வருகிறது. செவ்வாய்க்கிழமை வலி முந்திக்கொண்டதற்கு இதுதான் காரணம்.

போனும் இப்படி விலகி ஒளிய ஓர் இடமாகிவிடுகிறது. ஆலய விருந்தில் யாரிடமும் பேசாமல் திரைக்குள் தலைகுனிந்திருக்கும் பையன் திமிர் பிடித்தவன் என்று பெரியவர்கள் நினைப்பார்கள். அவன் பேசப் பயந்து ஒதுங்கியிருக்கக்கூடும். தேர்வு அறைக்குள் போகும்வரை அம்மாவுக்கு விடாமல் போன் செய்து "நல்லா எழுதிருவேன்லம்மா?" என்று கேட்கும் பெண்ணும் அப்படித்தான். அம்மாவின் பதிலில் கிடைக்கும் தைரியம் கொஞ்ச நேரத்துக்கு மேல் நிற்பதில்லை.

யேல் பல்கலைக்கழகத்தின் குழந்தை ஆய்வு மையத்தில் இலை லெபோவிட்ஸ் என்ற உளவியலாளர், விலகினால் பயம் வளரும் என்ற இந்த உண்மையை வைத்து ஒரு சிகிச்சை முறையையே அமைத்தார். அதில் பிள்ளை சிகிச்சைக்கு வர வேண்டியதில்லை, பெற்றோருக்குத்தான் பயிற்சி. 7 முதல் 14 வயதுவரையுள்ள 124 பிள்ளைகளின் குடும்பங்களைக் கொண்டு நடந்த ஆய்வு 2020இல் வெளியானது. பெற்றோர் மட்டும் பயிற்சி பெற்ற வீடுகளின் பிள்ளைகள், நேரடியாக அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை பெற்ற பிள்ளைகளுக்கு இணையாகத் தேறினார்கள்.

அந்தப் பயிற்சியின் அடிப்படை எளியது. பிள்ளையின் பயத்தை ஒப்புக்கொள்ளுங்கள், அதைத் தாங்கும் வலிமை அதற்கு உண்டு என்ற நம்பிக்கையையும் கூடவே சொல்லுங்கள். பயத்துக்கு வசதியாக நாம் செய்துவரும் ஏற்பாடுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். நம் வீட்டுத் தமிழில் அது இப்படி இருக்கும்: "உனக்கு ரொம்ப பயமா இருக்குன்னு எனக்குத் தெரியுதும்மா. ஆனா உன்னால தாங்க முடியும். கேட் வரைக்கும் நான் கூட வர்றேன். முதல் ரெண்டு பீரியட் இரு, அப்புறம் பாப்போம்." ஜெபத்தையும் இதே திசையில் திருப்பலாம். "இவளுக்கு இந்தச் சோதனையே வேண்டாம் ஆண்டவரே" என்பதைவிட, "உள்ளே போகும்போது கூட இரும்" என்று வேண்டுவது அவளைக் கேட்டுக்கு உள்ளே அனுப்புகிறது. கேலி செய்பவர்களைப் பற்றிப் பள்ளியில் பேசுவது பெற்றோரின் கடமை, அதையும் விட்டுவிடக்கூடாது.

போனின் பங்கு எவ்வளவு?

இதில் ஆய்வாளர்களிடையே இன்னும் வாதம் நடக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஜொனாதன் ஹைட் 2024இல் வெளியிட்ட 'தி ஆங்ஷியஸ் ஜெனரேஷன்' நூலில், ஸ்மார்ட்போன்தான் ஒரு தலைமுறையின் பதற்றத்துக்கு முதன்மைக் காரணம் என்று வாதிட்டார். அதற்கு முன்பே, 2019இல், ஏமி ஆர்பன், ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி என்ற ஆய்வாளர்கள் இருவரும் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பதின்ம வயதினரின் தரவுகளை ஆராய்ந்திருந்தார்கள். பிள்ளைகளின் மனநலத்தில் காணும் வேறுபாட்டில் அதிகபட்சம் 0.4 விழுக்காட்டைத்தான் டிஜிட்டல் பயன்பாடு விளக்குகிறது என்பது அவர்கள் முடிவு. ஆஸ்திரேலியா 2025 டிசம்பரிலிருந்து 16 வயதுக்கு உட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதற்குத் தடை போட்டிருக்கிறது. அதன் பலன் இனிமேல்தான் தெரியும்.

வாதம் எப்படி முடிந்தாலும், தூக்கத்தைப் பற்றிப் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. 13 முதல் 18 வயதுவரை உள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம். பருவமடையும் வயதில் உடலின் உள்கடிகாரம் இரண்டு மணி நேரம்வரை பின்னால் தள்ளிப்போகிறது. மெலடோனின் சுரப்பதே தாமதமாகிறது. இரவு பத்து மணிக்குத் தூக்கம் வராததும், காலையில் எழ முடியாததும் முழுக்கச் சோம்பேறித்தனம் அல்ல. இதற்கு மேல் போனும் தலையணையருகே இருந்தால் தூக்கம் நள்ளிரவைத் தாண்டுகிறது. தூக்கம் குறைந்த மூளையில் அமிக்டலா இன்னும் எளிதில் பதறுகிறது.

எனவே இரவில் போன் படுக்கையறைக்குள் போகாமல் இருப்பது நல்ல விதி. அது அப்பா அம்மாவின் போனுக்கும் பொருந்தினால்தான் நிலைக்கும். கிறிஸ்தவ வீடுகளிடம் இன்னொன்றையும் மனம்விட்டுச் சொல்ல வேண்டும். இரவு பதினொன்றுவரை டியூஷன் பாடம் படித்த பிள்ளையை, காலை ஐந்து மணிக்குக் குடும்ப ஜெபத்துக்கு எழுப்பினால் அதன் தூக்கம் ஆறு மணி நேரத்துக்குக் கீழே போய்விடும். ஜெபத்தை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அந்த நேரத்தில் எல்லாப் போன்களும் ஹாலிலுள்ள அலமாரிக்குப் போகட்டும், காலைவரை அங்கேயே இருக்கட்டும்.

ஜெபம் உடலில் செய்வது

இத்தாலியில் லூசியானோ பெர்னார்டியின் குழு, செபமாலை சொல்லும் 23 பேரின் மூச்சையும் இதயத் துடிப்பையும் அளந்து 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டது. லத்தீனில் மங்கள வார்த்தை மந்திரத்தைச் சொல்லும்போது அவர்களது மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாகக் குறைந்தது. யோக மந்திரத்துக்கும் அதே விளைவுதான். அந்த வேகத்தில் மூச்சு ஓடும்போது ரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் இசைவாக வைத்திருக்கும் உடலின் ஏற்பாடு நன்றாக வேலை செய்கிறது. பதறும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக ஒன்றாக ஜெபிப்பதற்கு இப்படி ஓர் உடலியல் பலனும் உண்டு.

உணர்ச்சிக்குப் பெயர் வைப்பதும் பலன் தரும். கலிபோர்னியாவில் மாத்யூ லிபர்மன் என்ற உளவியலாளர் 2007இல் வெளியிட்ட மூளைப்பட ஆய்வில், கோபமும் பயமும் காட்டும் முகங்களைப் பார்த்தவர்கள் அந்த உணர்ச்சியைச் சொல்லால் குறிப்பிட்டபோது அமிக்டலாவின் செயல்பாடு தணிந்தது. சங்கீதங்களை எழுதியவர்கள் இதைத்தான் கடவுள் முன்னால் செய்தார்கள். 88ஆம் சங்கீதம் புலம்பலில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. எந்த ஆறுதல் வரியும் ஒட்டப்படவில்லை. குடும்ப ஜெபத்தில் பிள்ளைகள் நன்றி மட்டும் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்காமல், "இன்னைக்கு என்ன கஷ்டமா இருந்துச்சு?" என்று கேட்டு, அதையும் அப்படியே ஆண்டவரிடம் சொல்லவிடலாம். அப்பா தன் கவலையை முதலில் சொன்னால் மகனுக்கும் வாய் திறக்கும்.

ஆனால் எல்லா விதமான பக்தியும் ஒரே விளைவைத் தருவதில்லை. மதமும் மனமும் பற்றி ஆராய்ந்த கென்னத் பார்கமென்ட் இரண்டு வகையைக் காட்டினார். கடவுள் துணையிருக்கிறார் என்ற உணர்வு கொண்டவர்களின் மனநிலை பொதுவாக மேம்பட்டிருந்தது. கடவுள் தன்னைத் தண்டிக்கிறார், கைவிட்டார் என்று எண்ணியவர்களிடம் துன்பம் கூடுதலாக இருந்தது. "இந்த வசனத்தைப் பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் தீங்கு வரும்" என்ற வாட்ஸ்அப் செய்தியும், உலகம் முடியப் போகிறது என்று மிரட்டும் யூடியூப் காணொளியும் இந்த இரண்டாம் வகையைத்தான் பிள்ளையின் மனதில் விதைக்கின்றன. ஜெபம் சரியாக அமையவில்லையோ என்று பயந்து ஒரே வார்த்தைகளைத் திரும்பத் திரும்பச் சொல்லும் பிள்ளைக்கு எண்ணச் சுழற்சி நோய் இருக்கலாம். அது பக்தி மிகுதி அல்ல, சிகிச்சையால் குணமாகக்கூடிய நோய்.

எலியாவுக்குக் கிடைத்தது

பழைய ஏற்பாட்டில் எலியா தீர்க்கதரிசி உயிருக்குப் பயந்து ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் விழுந்து, சாவை வேண்டுகிறார். அவருக்கு அங்கே கண்டனப் பிரசங்கம் எதுவும் கிடைக்கவில்லை. தூங்க விடப்படுகிறார். தேவதூதன் ஒருவன் எழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுக்கிறான். மீண்டும் தூக்கம், மீண்டும் உணவு. பிறகு நெடும்பயணம். அதற்குப் பிறகுதான் கடவுள் ஒரு கேள்வி கேட்கிறார். அவர் மனக்குறையை முழுவதும் சொல்லி முடிக்கும்வரை செவிகொடுக்கப்படுகிறது. கடைசியில் அவருக்கு ஒரு வேலை கிடைக்கிறது, எலிசா என்ற துணையும் கிடைக்கிறார். தூக்கம், உணவு, உடலசைவு, பேச்சு, பொறுப்பு, துணை. பதற்றப்படும் பதின்ம வயதினருக்கு இன்றைய மனநல மருத்துவர்கள் சொல்லும் பட்டியலும் பெரும்பாலும் இதுவே.

மருத்துவரிடம் தயங்காமல்

பள்ளிக்குப் போகாமை வாரக்கணக்கில் நீண்டால், தூக்கமும் பசியும் கெட்டால், பிள்ளை தன்னைக் காயப்படுத்திக்கொண்டால், சாவைப் பற்றிப் பேசினால் காத்திருக்கக்கூடாது. மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, குடும்பத்தினர் நோயாளியோடு தங்கிச் சிகிச்சையில் பங்குபெறும் முறைக்குப் பெயர்பெற்றது. அப்படியொரு மருத்துவமனையைக் கட்டிய மார்க்கத்தார், மனநல மருத்துவரிடம் போவதை விசுவாசக் குறைவு என்று சொல்வதில் பொருத்தம் இல்லை. பவுலோடு பயணம் செய்த லூக்காவே ஒரு வைத்தியர்தான்.

வாழ்நாளில் வரும் மனநலக் கோளாறுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள் தொடங்கிவிடுகிறது. அது ஓய்வுநாள் பள்ளியிலிருந்து வாலிபர் கூட்டத்துக்குப் பிள்ளைகள் மாறும் வயது. அவர்களை வாரந்தோறும் பார்க்கும் வாய்ப்பு சபைகளுக்கு இருக்கிறது. ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களுக்குப் பதற்றத்தின் அடையாளங்களை ஒரு நாள் பயிற்சியில் சொல்லித்தரலாம். போதகர் பீடத்தில் நின்று, பதற்றத்துக்கு மருந்து எடுப்பது சர்க்கரைக்கு மருந்து எடுப்பதைப் போன்றதே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளிப்படையாகச் சொன்னால் போதும். அந்த வாரமே ஒரு தாய் தன் பிள்ளையை மறைக்காமல் மருத்துவரிடம் கூட்டிப்போவார்.